களையெடுக்கக் கூடாத பாத்தி

செல்வப்பிரியா டீச்சர் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் சாலையில் அவருடைய மஞ்சள் ஸ்கூட்டர் கண்ணில் படுவதற்கு முன்பே அவர் குரல் காதில் விழுந்துவிடும் என்று ஊரில் கேலி செய்வார்கள். எதிரே வருகிறவர்களை எல்லாம் நலம் விசாரித்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறவரைப் பற்றி வேறு என்ன சொல்வார்கள்? கேரள எல்லைக்குள் அந்தச் சாலையோரத்தில் இருக்கும் தமிழ்வழி எல்.பி. பள்ளியில், அதாவது தொடக்கப் பள்ளியில், நான்காம் வகுப்பு அவருடையது. பக்கத்து வகுப்பில் பாடம் நடத்துகிறவர்கள் அவர் தண்ணீர் குடிக்கும் நேரம் பார்த்துத்தான் முக்கியமான விஷயங்களைச் சொல்லி முடிப்பார்கள்.

அந்தக் குரலை நம்பியே வகுப்பு ஓடியது. "டீச்சர், பக்கந் திருப்பட்டுங்களா?" "டீச்சர், கோடு போட்டு எழுதட்டுங்களா, போடாமெயா?" "டீச்சர், யானைக்கு என்ன கலருங்க?" ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொல்வார். கதை எழுதச் சொன்னால் கதையில் வரும் பெண்ணுக்குப் பேர்கூட அவர்தான் வைக்க வேண்டும். சொல்லச் சொல்ல அவருக்கு ஒரு நிறைவு. பிள்ளைகள் தன்னைக் கேட்காமல் ஓரடி எடுத்து வைப்பதில்லை என்று மற்ற ஆசிரியர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்த காலமும் உண்டு.

அவர் வளர்ந்ததும் அப்படித்தான். எருத்தேம்பதிப் பக்கம் நிலக்கடலையும் தென்னையுமாக இருந்த வீடு. அக்கா ஆசிரியர் பயிற்சி படித்தாள் என்று தங்கையையும் அதிலேயே சேர்த்துவிட்டார்கள். வாங்கிய புத்தகம் வீணாகப் போகக் கூடாதாம். கல்யாணப் புடவையை அத்தைமார் கோயமுத்தூரில் எடுத்து வந்து, "இந்தா அம்மிணி, உனக்குப் புடிக்கும்" என்று மடியில் போட்டார்கள். பிடித்ததா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் யோசித்துப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் அவராகத் தேர்ந்தெடுத்தது அந்த ஸ்கூட்டரின் நிறம் ஒன்றுதான். கடைக்காரர் "என்ன கலருங்க?" என்று கேட்டபோது வழக்கம்போல் கணவர் சென்னிமலையைத் திரும்பிப் பார்த்தார். சென்னிமலை செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் வாயிலிருந்து மஞ்சள் என்று வந்துவிட்டது.

அப்படிப்பட்டவருக்கு ஒரு ஜனவரியில் தொண்டை கட்டிக்கொண்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வறட்டு வறட்டென்று அடிக்கிற மாதம் அது. ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லீவு போட மனம் வராமல் டீச்சர் பள்ளிக்கு வந்தார். பிள்ளைகள் வழக்கம்போல் வந்து நின்று கேட்டார்கள். அவரால் முடிந்ததெல்லாம் கேட்ட பிள்ளையின் பக்கமே விரலை நீட்டுவதுதான். உன் பாடு, நீயே பார்த்துக்கொள்.

முதல் நாள் வகுப்பு தத்தளித்தது. மறுநாள் ஒருத்தி யானைக்கு ஊதா நிறம் பூசினாள். அந்த வாரம் முடிவதற்குள் கணக்குப் பாடத்தைப் பிள்ளைகளே சந்தைக்கடை போட்டு நடத்திக்கொண்டிருந்தார்கள். தராசுத் தட்டுக்கு ரப்பர் செருப்பு, எடைக்கல்லுக்குப் பென்சில் டப்பா. விலை பேசி, சண்டை போட்டு, கழித்தலில் தப்பு வந்தால் அடுத்தவன் காதைத் திருகி, அவர்களாகவே திருத்திக்கொண்டார்கள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தான் பேசிய பேச்சில் இத்தனை வருஷமாக எத்தனை யானைகள் சாம்பல் நிறத்திலேயே நின்றுவிட்டன என்று நினைக்க அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

குரல் திரும்பி வந்தது. ஆனால் பழைய பழக்கத்தை அவர் திரும்பி வர விடவில்லை. அடுத்த ஜூனில் சேர்ந்த புது வகுப்பிடம் முதல் நாளே சொல்லிவிட்டார், என்ன நிறம், என்ன பேர், எதை முதலில் செய்வது என்பதெல்லாம் இனி உங்கள் இஷ்டம் என்று. பிள்ளைகளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "எதை வேணுமின்னாலும் வரைங்க" என்றதும் அருள்குமார் என்ற பையன் அழுதே விட்டான். மற்றவர்கள் வரைந்தது இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஓட்டு வீடு. அடுத்த வாரமும் அதே மலை, அதே சூரியன். மூன்றாம் வகுப்பில் அந்தப் படத்துக்குத்தான் 'குட்' கிடைத்ததாம். உன் இஷ்டம் என்று வாயால் சொன்னால் போதாது, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவர்கள் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று டீச்சருக்குப் பட்டது.

அந்தச் சமயம் பார்த்துக் கிருஷிபவனிலிருந்து விதைப் பொட்டலங்கள் வந்தன. கேரளத்தில் வேளாண்மை ஆபீசுக்கு அதுதான் பேர். வருஷா வருஷம் வருகிற விதைதான். வாத்தியார்கள் விதைப்பார்கள், பிள்ளைகள் தண்ணீர் ஊற்றுவார்கள், நவம்பரில் ஆபீசர் வந்து சுற்றிப் பார்த்து நல்ல தோட்டத்துக்கு ஒரு கேடயம் கொடுப்பார். இந்தத் தடவை டீச்சர் மதில் ஓரத்து நிலத்தை ஆளுக்கொரு சின்னப் பாத்தியாகப் பிரித்துக் கொடுத்தார்.

"இது உங்க பாத்தி. என்ன வெக்கறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணோணும். நானும் தொட மாட்டேன், வேற ஆரையும் தொட உடமாட்டேன். சத்தியம்."

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், கேட்க வேண்டுமா? வெண்டை, அவரை, தட்டை, சுரை என்று இறங்கிவிட்டார்கள். மளிகைக் கடைக்காரர் மகள் ஃபர்ஸானா கடையிலிருந்தே கொத்தமல்லி கொண்டு வந்து, உள்ளங்கையால் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தாள். அழுத அருள்குமார்கூடச் செண்டுமல்லி வைத்தான். கிருத்திகா மட்டும் விதைப் பொட்டலத்துக்குக் கையை நீட்டவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் எழுந்து நிற்கிற, மற்ற நேரம் இருக்கிற இடம் தெரியாத பெண் அவள்.

"ஏங்கண்ணு, வெதை வேண்டாமா?"

"வேண்டாமுங்க டீச்சர். நான் சும்மா உட்டுப் பாக்கறனுங்க."

"சும்மான்னா?"

"ஆரும் வெக்காமெ என்ன வருதுன்னு பாக்கோணுமுங்க. எங்க காட்டுல வந்ததும் வராததுமாக் கொத்திப் போட்டர்றாங்க. பெருசானா அது எப்படி இருக்குமுன்னே தெரியறதில்லீங்க."

வெண்டையாவது வை கண்ணு என்று சொல்ல டீச்சருக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். சத்தியம் செய்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆடிச் சாரலில் எல்லாருக்கும் முந்திக்கொண்டது கிருத்திகாவின் பாத்திதான். தொய்யக்கீரை வந்தது, தும்பை வந்தது, நெருஞ்சியும் கோரையும் வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சியை நட்டு அட்டையில் பேர் எழுதி வைத்தாள். பேர் தெரியாததற்கு அவளே பேர் வைத்தாள். மஞ்சள் பொட்டு மாதிரிப் பூத்ததற்கு 'எறும்புக் கம்மல்'. பாவாடையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிடுகிற விதைக்கு 'நானும் வர்றேன்'. மற்ற பிள்ளைகள் தங்கள் வெண்டையை விட்டுவிட்டு இங்கே கூடினார்கள். வாயே திறக்காத பெண் இடைவேளையில் குச்சி குச்சியாகக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் அந்த மாதத்துச் சுற்றுச்சூழல் பாடம் முழுவதையும் அந்தப் பாத்தியை வைத்தே நடத்தினார். வகுப்பில் 'என்ன பண்ணட்டுங்க' என்ற கேள்வி ஏறக்குறைய நின்றே போனது. அந்த வாரங்களில் டீச்சர் தோசை ஊற்றும்போது பாட்டுப் பாடியதாகச் சென்னிமலை இன்றைக்கும் சொல்கிறார்.

ஊருக்குத்தான் தாங்கவில்லை. மதில் ஓரமாகப் போகிற ஒவ்வொருவரும் எட்டிப் பார்த்து, "அது ஆரு பாத்தியுங்க, களைக்காடாட்டக் கெடக்குது?" என்று கேட்டார்கள். அதிலும் ரத்தினசாமிக்கு அந்தப் பக்கம் போனாலே கை பரபரத்தது. ரத்தினசாமி பெற்றோர் சங்கத் தலைவர். பள்ளியை ஒட்டிய தென்னந்தோப்பு அவருடையது, பள்ளித் தோட்டத்துக்குப் பாய்கிற தண்ணீர் அவருடைய மோட்டார் தண்ணீர். சென்னிமலை வழியில் டீச்சருக்கு மாமா முறையும் வேண்டும். தங்கமான மனுஷர். ஆனால் நடக்கும்போதே குனிந்து குனிந்து களை பிடுங்கிக்கொண்டு நடப்பார், அடுத்தவர் வரப்பாக இருந்தாலும் சரி. ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் சம்பந்தி வீட்டாரோடு பேசிக்கொண்டே பூந்தொட்டியில் களை எடுத்தவர் என்று பேர் வாங்கியவர்.

ஓணத்துக்குப் பள்ளியை அடைத்தார்கள். விடுமுறையில் பாத்திகளுக்குத் தண்ணீர் விடும் பொறுப்பை ரத்தினசாமி தாமாகவே ஏற்றுக்கொண்டார், ஒரு நாள்கூடத் தவறவில்லை. தண்ணீர் விட்டவர் அத்தோடு நிற்கவில்லை என்பது பள்ளி திறந்த காலையில் தெரிந்தது. கிருத்திகாவின் பாத்தியில் ஒரு களை இல்லை. மண்ணைப் பொடியாகக் கொத்தி, தொழுவுரம் போட்டு, நூல் பிடித்த மாதிரி கத்திரி நாற்று நட்டிருந்தது. பேர் எழுதிய குச்சிகளை ஒன்றுகூட உடைக்காமல் கட்டாகக் கட்டி மதில்மேல் வைத்திருந்தார். ஒரு விவசாயி ஒரு பிள்ளைக்குச் செய்யக்கூடிய ஆகப்பெரிய உபகாரம் அது. அதைத்தான் செய்திருந்தார்.

கிருத்திகா அழவில்லை. பாத்தியைப் பார்த்தாள், குச்சிக் கட்டைப் பார்த்தாள், உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் படம் வரையும் நேரத்தில் டீச்சரின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், மரத்துக்கு என்ன கலர் அடிக்கட்டுங்க?"

 மறுநாள் அருள்குமார் கேட்டான். அந்த வாரத்திலேயே பாதி வகுப்பு பழையபடி மேஜைக்கு முன்னால் வந்து நின்றது. பிள்ளைகளா ஏமாளிகள்? உன் இஷ்டம் என்பார்கள், பிறகு பெரியவர் யாராவது வந்து கொத்திப் போட்டுவிடுவார்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. சத்தியம் செய்தவர் இவர். இதைச் சரி செய்யாவிட்டால் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து 'நீயே முடிவு பண்ணு' என்று சொல்ல இனி அவருக்கு முகம் கிடையாது.

தலைமையாசிரியை சிஞ்சு டீச்சர் மலையாளி, எதற்கும் பதறாத மனுஷி. "விடு ப்ரியா. நல்ல கத்திரிக்காதானே வெச்சிருக்காரு? அவரெப் பெணக்கினா நாளைக்கி வெள்ளம் ஆரு தரும்?" என்றார் தன் பாதி மலையாளத் தமிழில். தண்ணீரைத்தான் வெள்ளம் என்றார். அதுவும் நியாயமான கேள்விதான். வீட்டில் சென்னிமலை இன்னும் ஒரு படி மேலே போனார். "மாமாகிட்டப் போயி ஒண்ணுங் கேக்காத. அவரு மூஞ்சியெத் தூக்கி வெச்சுக்கிட்டா ஒறம்பரைல ஒரு விசேஷத்துக்கும் போக முடியாது." இரண்டு பேர் சொன்னதையும் டீச்சர் கேட்டுக்கொண்டார். சனிக்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகத் தோப்புக்குப் போனார்.

ரத்தினசாமி வாய் நிறைய வரவேற்று, இளநீர் வெட்டிக் கையில் கொடுத்தார்.

"பாத்தீங்களா அம்மிணி, நாத்து எப்படிப் புடிச்சுக்கிச்சுன்னு! அந்தப் புள்ள பாத்தி ஒண்ணுதான் கண்ணறாவியாக் கெடந்துது. கேடயம் போயிருமேன்னு நானே ஒரு கை பாத்துட்டேன்."

 டீச்சர் இளநீரை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"மாமா, அந்தப் புள்ள வேணுமின்னேதானுங்க அப்படி உட்டிருந்துது."

"வேணுமின்னேவா? களையையா?"

"ஆமாங்க. அதுதானுங்க அவ வெள்ளாமை."

ரத்தினசாமியின் முகம் கறுத்தது. "கோரை ஒருக்காப் பூந்துதுன்னா காட்டையே தின்னுபோடும். அது தெரியுமா டீச்சருக்கு? நாளைக்கி எம்பட தோப்புக்குள்ள வராதா?" அம்மிணி டீச்சராகிவிட்டார் என்றால் அவருக்குக் கோபம் என்று அர்த்தம்.

"வருமுங்க. நீங்க சொல்றது நாயந்தானுங்க. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவளே கோரையெ எடுத்திருப்பாளுங்க. ஆரும் தொட மாட்டாங்கன்னு நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன். அதெ உங்ககிட்டச் சொல்லாமெ லீவுக்குப் போனது எந்தப்புத்தானுங்க. இப்ப வகுப்புல ஒரு புள்ளயும் தானா ஒரு கோடு போட மாட்டீங்குதுங்க."

"அதுக்கு? ஒம்பது வயசுப் புள்ளகிட்ட நான் மன்னிப்புக் கேக்கோணுமாக்கும்?"

"மன்னிப்பு வேண்டாமுங்க மாமா. இப்ப அந்தப் பாத்தியெ என்ன பண்ணலாமுன்னு அவகிட்டக் கேளுங்க. அது போதுமுங்க."

ரத்தினசாமி அரிவாளை எடுத்து மட்டை சீவ ஆரம்பித்தார். டீச்சர் இளநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தார்.  விஷயத்தைக் கேட்ட சென்னிமலை தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரத் தொடக்கத்தில் ரத்தினசாமியின் தலை தெரியவில்லை. மோட்டார் தண்ணீர் மட்டும் நேரம் தவறாமல் வந்தது. பிறகு ஒருநாள் காலை இடைவேளையில், சலவை வேட்டியும் தோளில் துண்டுமாக வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"கிருத்திகாங்கறது ஆரு சாமி?"

கிருத்திகா எழுந்து நின்றாள். மொத்த வகுப்பும் பின்னால் வர இருவரும் பாத்திக்குப் போனார்கள். ரத்தினசாமி அவள் உயரத்துக்குக் குந்தினார்.

"நாந்தான் புடுங்கிப் போட்டேன் கண்ணு. உம்பட வெள்ளாமைன்னு தெரியாமப் போச்சு. இப்ப நீ சொல்லு, இந்த நாத்தெல்லாம் புடுங்கீரட்டுமா?"

கேட்டுவிட்டாரே தவிர, வேர் பிடித்த நாற்றைத் தன் கையாலேயே பிடுங்க வேண்டி வருமோ என்ற கலக்கம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கிருத்திகா டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் மதில்மேல் இருந்த காக்கையைப் பார்த்தார். 'வேண்டாமுன்னு சொல்லு கண்ணு, மாமா பாவம்' என்று அவர் உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தது அந்தக் காக்கைக்குக்கூடக் கேட்டிருக்கும். வாயை மட்டும் திறக்கவில்லை. தொண்டை கட்டிய வாரத்தில்கூட அவர் இவ்வளவு பாடு படவில்லை.

"புடுங்க வேண்டாமுங்க" என்றாள் கிருத்திகா கடைசியில்.

ரத்தினசாமிக்கு மூச்சு வந்தது.

"கத்திரியும் இருக்கட்டுமுங்க. ஆனா இனிக் களையெடுக்கக் கூடாதுங்க. ஒரமும் போடக் கூடாதுங்க. மத்த செடியெல்லாம் வந்தா இது என்ன பண்ணுதுன்னு பாக்கலாமுங்க."

"கோரை?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கோரையெ நான் எடுத்தர்றனுங்க. நீங்க எடுக்க வேண்டாமுங்க."

"களைக்குள்ள கெடந்தா கத்திரி குண்டுமணியாட்டத்தான் காய்க்கும் சாமி."

"காய்க்கட்டுமுங்க."

ரத்தினசாமி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். போகும்போது டீச்சரிடம், "நல்லா வளக்கறீங்க அம்மிணி" என்றார். பாராட்டா வசவா என்று தெரியவில்லை. அம்மிணி என்றாரே, அது போதும் என்று டீச்சர் எடுத்துக்கொண்டார்.

ஐப்பசி மழை கொட்டியது. பாத்தியில் தும்பையும் தொய்யக்கீரையும் கத்திரிக்கு மேலே ஏறி நின்றன. கிருத்திகா குச்சிக் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டாள், கத்திரிக்கும் ஒரு குச்சி வைத்தாள். அதன் இலையெல்லாம் ஓட்டை விழுந்தது, பூ வரத் தாமதமாயிற்று, காய்த்த ஒன்றிரண்டும் ரத்தினசாமி சொன்னபடிதான் காய்த்தன. அவர் தினமும் மோட்டார் போட வரும்போது அந்தப் பாத்திக்கு முன்னால் நிற்பார். ஒரு கையை மற்றொரு கையால் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பார். பார்க்கப் பாவமாக இருக்கும். டீச்சரின் மேஜைக்கு முன்னால் நிற்கும் கூட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. அருள்குமார் ஒரு நாள் மலையே இல்லாமல் ஒரு படம் வரைந்தான்.

கேடயம் அந்த வருஷம் வேறொரு பள்ளிக்குப் போயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடலாம். ஆபீசர் வந்த நாள்தான் முக்கியம். பினு என்று பேர், சின்ன வயசு, சுறுசுறுப்பான மனுஷர். சிஞ்சு டீச்சர், ரத்தினசாமி, செல்வப்பிரியா டீச்சர் எல்லாரும் பின்னால் வர, பாத்தி பாத்தியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிள்ளைகள் அவரவர் பாத்திப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். கிருத்திகாவின் பாத்திக்கு வந்ததும் அவர் புருவம் ஏறியது.

"இதாரும் நோக்குறதில்லையா?" என்றபடியே பழகிய கையாகக் குனிந்து ஒரு தும்பையின் அடியைப் பிடித்தார்.

செல்வப்பிரியா டீச்சர் வாயைத் திறந்தார். அதற்குள் ரத்தினசாமியின் கை நீண்டு ஆபீசரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. காய்த்துப்போன கை, பிடித்தால் விடாது.

"சார், உடுங்க. அந்தப் பாப்பாகிட்டக் கேட்டுட்டுத் தொடுங்க."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் அப்படியே நின்றார். ஆபீசர் தும்பையை விட்டுவிட்டு, ரத்தினசாமியைப் பார்த்து, பிறகு கிருத்திகாவின் பக்கம் திரும்பினார்.

"தொடட்டே மோளே?"

"தொடக் கூடாதுங்க சார்" என்றாள் கிருத்திகா. "குந்திப் பாருங்க, நான் பேர் சொல்றனுங்க."

ஆபீசர் பேண்டைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு மண்ணில் குந்தினார்.